உதையும் அடியும்: பந்தாட்டச் சொற்களின் சமூக அடிப்படை குறித்து ஒரு நோக்கு

சொற்பட்டியல் ஒன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது எம்மவரிற் சிலருக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். கவிதையும் நாவலும் நாடகமுமே திறனாய்வாளனின் நிலம், அகராதி வேலை மொழியியலாளருக்குரியது என்னும் பங்கீடு பல்கலைக்கழகங்களிற் பலகாலமாக நிலைபெற்றுவிட்டது. ஆயின் சொல்லே சமூக முரண்பாடுகள் மோதும் களமென 1929இல் வொலோசினோவ் எடுத்துக்காட்டிய பின்னர், இப்பங்கீட்டை வற்புறுத்துவதற்குத் தக்க காரணம் எதுவும் இல்லை. ஒரு மனிதன் தன் உடலாற் செய்யும் செயலுக்கு எம்மொழியில், எவர் தந்த பெயரை வழங்குகிறான் என்ற வினா, அவன் எப்பாட்டைப் பாடுகிறான் என்ற வினாவினும் சிறியதன்று.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, கல்குடாவை அடுத்துள்ள பாசிக்குடாவில் எமது பார்வைக்கு வந்த ஒரு கொப்பியே இக்கட்டுரைக்குக் காரணம். கொப்பிக்கு உரியவர் அயற்கிராமமொன்றைச் சேர்ந்த இளைஞர். பகலில் கடற்கரை விடுதியொன்றில் வேலை. மாலையில் ஊர்க்கழகத்திற்காகப் பந்தாட்டம். உதைபந்தாட்டப் பயிற்றுநர் சான்றிதழ் ஒன்றைப் பெறவேண்டுமென்பது அவரது விருப்பம். பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில் இருக்குமென்று கேள்வியுற்று, ஆங்கில வகுப்பொன்றிற் சேர்ந்திருந்தார். அங்கே, பந்தை உதைக்கும் முறைகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை இடப்பக்கத்திலும் அவற்றின் தமிழ்ப் பொருளை வலப்பக்கத்திலும் எழுதுவித்திருந்தனர். முப்பதுக்கு மேற்பட்ட சொற்கள். அவற்றைக் குறையின்றி மனனஞ்செய்து எமக்கு ஒப்புவித்தார்.

வலப்பக்கத்தை நோக்கியபோதே பட்டியலின் இயல்பு வெளிப்பட்டது. 'டிரிபிள்' என்பதற்கு நேரே 'எச்சில் வடித்தல்' என்றிருந்தது. 'சிப்' என்பதற்குச் 'சிராய், சில்லு'. 'டக்கிள்' என்பதற்குக் 'கப்பற் கயிறும் கப்பியும்'. 'வொலி' என்பதற்குத் 'துப்பாக்கிகள் ஒருங்கே வெடித்தல்'. 'அரை வொலி' என்பதற்கு எழுதியவர் சற்றுத் தயங்கியிருக்கவேண்டும்; 'பாதி வெடித்தல்' என்று எழுதி, பின் அடித்துவிட்டு, இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.

இதனைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் அகராதி பொய் சொல்லவில்லை என்பதை முதலில் மனங்கொள்ளவேண்டும். 'டிரிபிள்' சொட்டுச் சொட்டாக வடிதலையே முதலிற் குறித்தது. பந்தைச் சிறு சிறு தட்டல்களாகக் காலடியிற் கொண்டுசெல்லும் செயலுக்கு அது பின்னர் ஆகிவந்தது. 'வொலி' பிரெஞ்சு மொழியிற் 'பறத்தல்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்து, போர்க்களத்துச் சரமாரி வேட்டையும், டெனிஸ் ஆட்டத்தில் நிலத்தைத் தொடாத பந்தை அடித்தலையும் குறிக்கலாயிற்று. உதைபந்தாட்டத்தில் அதன் பொருள், பந்து நிலத்தில் வீழுமுன் உதைத்தல். நிலத்திற் பட்டு எழும் அக்கணத்திலேயே உதைப்பது அரை வொலி. இரண்டுக்குமிடையே உள்ளது நொடியின் சிறுகூறு. அச்சிறுகூறில் உடலின் சாய்வு மாறுகிறது, கணுக்காலை இறுக்கும் வேளை மாறுகிறது, பந்து செல்லும் உயரம் மாறுகிறது. கொப்பிக்குரிய இளைஞர் இவ்விரண்டையும் மணலில் எமக்குச் செய்துகாட்டினார், பிழையின்றிச் செய்தார். அவரது கால் அறிந்திருந்த வேறுபாட்டை அவரது கொப்பி அறிந்திருக்கவில்லை.

பட்டியலில் இன்னுமொன்றும் எம்மை உறுத்திற்று. 'சூட்' என்பதற்குச் 'சுடு'. 'அட்டாக்' என்பதற்குத் 'தாக்கு'. 'வொலி' என்பதற்கு வேட்டொலி. பிரித்தானியப் பொதுப்பள்ளிகளில் விளையாட்டும் படைப்பயிற்சியும் ஒரே ஒழுக்கத்தின் இரு கூறுகளாகப் போற்றப்பட்ட காலத்துச் சொற்கள் இவை. அங்கு அவை உருவகங்கள். மட்டக்களப்பில் 2009 வரை பல பத்தாண்டுகள் போரிடையே வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு அவை உருவகங்களல்ல. இவ்விடத்தில் அகராதியின் நேர்ப்பொருள் விளையாட்டுப் பொருளை விழுங்கிவிடுகிறது. இதனை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை.

ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து பிறந்தன என்பதை நோக்குவோம். நாம் இயல்பானவை, தொழில்நுட்பமானவை, வர்க்கஞ்சாராதவை என்று எண்ணிக் கற்கும் இச்சொற்களுக்கு இரத்தமும் சேறும் படிந்த வரலாறு உண்டு. இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பந்தாட்டம் ஊரை இரு பாதியாக்கி ஆடப்பட்ட ஆட்டம். டார்பிசயர் மாவட்டத்து அஷ்போர்ண் நகரில் இன்றும் தவக்காலத் தொடக்கத்தையொட்டி அது ஆடப்படுகிறது. சிற்றாற்றின் ஒரு கரையிற் பிறந்தோர் மேற்பக்கத்தார், மறுகரையிற் பிறந்தோர் கீழ்ப்பக்கத்தார். இலக்குகள் மூன்று மைல் இடைவெளியில் உள்ளன. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டதோடு இவ்வாட்டங்களின் நிலம் சுருங்கியது. 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் தெருவிற் பந்தாடுவோர்க்கு நாற்பது சிலிங் வரை தண்டம் விதித்தது. மக்களிடமிருந்து இவ்வாறு பறிபோன ஆட்டம் மேட்டுக்குடிப் பிள்ளைகளின் பள்ளிகளில் விதிபெற்று, 1863 ஒக்ரோபர் 26ஆம் நாள் இலண்டன் உணவகமொன்றிற் கூடிய கழகப் பிரதிநிதிகளாற் சங்கமாயிற்று.

அக்கூட்டங்களிற் பெரிதும் வாதிக்கப்பட்ட பொருள் ஓர் உதையே என்பது பலரும் அறியாதது. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே வேண்டுமென்று உதைக்கும் 'ஹக்கிங்' என்னும் முறையை விதிகள் அனுமதிக்கவேண்டுமா? பிளாக்ஹீத் கழகத்தின் காம்பெல் அதனை ஆண்மையின் அடையாளமாகக் கண்டார்; அது நீக்கப்பட்டால் பிரெஞ்சுக்காரரும் ஒரு வாரப் பயிற்சியோடு வந்து ஆங்கிலேயரை வென்றுவிடுவர் என்பது அவரது வாதத்தின் சாரம். வாதம் தோற்றது, பிளாக்ஹீத் விலகியது. காரணம் நாகரிகம் மட்டுமன்று. திங்கட்கிழமை அலுவலகத்துக்குச் செல்லவேண்டியவனின் கால் முறிவது நடுத்தர வர்க்கத்திற்குக் கட்டுப்படியாகாது என்ற கணக்கும் அன்று பேசப்பட்டது. உதைகளுள் எது நுட்பம், எது குற்றம் என்ற பிரிவினையே இவ்வாறுதான் உண்டாயிற்று.

'டிரிபிள்', 'பாஸ்' என்னும் இரு சொற்களுக்கிடையேயும் இத்தகையதொரு வரலாறு ஒளிந்திருக்கிறது. தனியொருவன் பந்தைக் காலோடு கொண்டுசெல்வது பொதுப்பள்ளிக் கனவான்களின் ஆட்டமுறை. தோழனுக்குப் பந்தை வழங்கி ஆடும் கூட்டுமுறையை ஸ்கொத்லாந்தியரும், பின்னர் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் வளர்த்தனர். 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களதும் இளையோரதும் வேலையைச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நிறுத்தியது. அந்தப் பிற்பகலின் மீதே தொழிலாளர் உதைபந்தாட்டம் எழுந்தது எனலாம். 1883இல் நெசவாளரும் நூற்போரும் இரும்பு வார்ப்போரும் அடங்கிய பிளாக்பேர்ண் ஒலிம்பிக் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை 2-1 என வென்று சங்கக் கிண்ணத்தை வடக்கே கொண்டுசென்றது. இரண்டாண்டுகளின் பின், 1885இல், ஊதியம் பெற்று ஆடுவது சட்டபூர்வமாயிற்று. 1891இல் 'பெனால்டி' உதை விதியாக வந்தபோது, கனவான் எவனும் வேண்டுமென்று தவறிழையான் என்று கருதிய மேற்குடி ஆட்டக்காரர் அதனைத் தமக்கிழைத்த அவமதிப்பாகக் கொண்டனர். அவ்விதியை முன்மொழிந்தவர் அயர்லாந்தின் லினன் ஆலை முதலாளியொருவரின் மகனான வில்லியம் மக்ரம். இலக்குக் காப்பாளராக ஆடியவர். காப்பாளன் தனக்கெதிரான தண்டனையைத் தானே கண்டுபிடித்தான் என்பது இவ்வரலாற்றின் சுவையான ஒரு பகுதி.

இத்தகைய சொற்களோடுதான் ஆட்டம் குடியேற்ற நாடுகளுக்கு வந்தது. ஒழுக்கம் புகட்டும் கருவியாக வந்தது. 1891இல் சிறிநகர் மிசன் பள்ளியின் தலைவர் டின்டேல் பிஸ்கோ தோற்பந்தைக் கொண்டுவந்தபோது, தோல் தீட்டென்று பிராமண மாணவர் தொட மறுத்தனர். அவர்களைக் கட்டாயப்படுத்தியே ஆடவைத்தார். சாதியத்தை உடைத்த செயலென்று இதனைப் போற்றுவோர் உளர். ஒருவகையில் உண்மையே. எனினும் உடைத்த கையிற் பிரம்பு இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். இருபது ஆண்டுகளின் பின், 1911 யூலை 29ஆம் நாள், வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி கல்கத்தாவில் கிழக்கு யோக்சயர் படைப்பிரிவை 2-1 என வென்றது. பாதணி அணிந்தவன் எழுதிய விதியை வெறுங்கால் வென்ற நாள் அது.

எமது நாட்டிலும் கல்லூரிகளே வாயில். மட்டக்களப்பில் 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், புனித மிக்கேல் கல்லூரியும் ஆங்கிலக் கல்வியோடு ஆங்கில விளையாட்டையும் தந்தன. நகரத்தின் விளையாட்டரங்கு இன்றும் வெபர் என்னும் அமெரிக்க இயேசு சபைத் துறவியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரது உழைப்பை அவ்வூர் மக்கள் நன்றியோடு நினைவுகூருவர். ஆனால் கல்லூரி மதிலுக்குள் ஆங்கிலச் சொல்லோடு கற்கப்பட்ட ஆட்டம், மதிலுக்கு வெளியே, வாவிக்கரை வெளிகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் சொல்லின்றியே பரவியது. கல்லூரியிற் படித்தவன் பெயரறிந்தான். வயலில் ஆடியவன் செயலறிந்தான். அப்பிளவின் எச்சமே நாம் கண்ட கொப்பி.

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் இப்பிளவை எவ்வாறு எதிர்கொண்டது? காரைதீவில் 1892இற் பிறந்து, நாம் மேலே குறித்த இரு கல்லூரிகளிலும் பயின்ற விபுலானந்த அடிகளே 1936இல் சென்னையில் நிகழ்ந்த சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. ஈழத்தில் 1956ஆம் ஆண்டின் மொழிச்சட்டத்தை அடுத்த காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்குச் சொற்றொகுதிகளைத் தந்தது. தாய்மொழிக் கல்வி பல்கலைக்கழகம்வரை உயர்வதற்கு இவ்வுழைப்பு இன்றியமையாததாக இருந்தது. இதனைக் குறைத்துப் பேசுவோர், சாதாரண மக்களின் பிள்ளைகள் விஞ்ஞானம் கற்றதையே விரும்பாதோர்.

எனினும் விளையாட்டுச் சொற்களில் இம்மரபின் ஒரு குறை துலக்கமாகத் தெரிகிறது. எமது நாட்டில் உதைபந்தாட்டம் என்கிறோம். தமிழகத்தார் கால்பந்து என்கின்றனர். இங்கே கரப்பந்தாட்டம், அங்கே கைப்பந்து. 'வொலிபோல்' 1895இற் பிறந்தபோது வேறு பெயர் கொண்டிருந்தது. பந்து நிலந்தொடாது பறப்பதைக் கண்ட பின்னரே, 1896இல் அப்பெயர் பெற்றது. பெயரின் உயிர் 'வொலி'யில் இருக்க, நாம் கரத்தைப் பிடித்துக்கொண்டோம். உறுப்பைப் பெயரிட்டோம், செயலைப் பெயரிடவில்லை. இவ்வகையில் உதைபந்தாட்டம் என்ற ஈழத்துச் சொல் கால்பந்தினும் மேலானது. அது செயலைச் சொல்கிறது. ஆனால் சொல்லும் செயல் சரியானதா?

பாசிக்குடா மணலில் ஆடிய சிறுவர்களை நாம் ஒரு மாலை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தோம். எவனும் 'உதை' என்று கூவவில்லை. 'அடி' என்றே கூவினர். 'பந்தடிக்கப் போகிறோம்' என்பதே எங்கும் வழக்கு. கோல் அடித்தான் என்போமேயன்றிக் கோல் உதைத்தான் என்று சொல்வாரை நாம் கேட்டதில்லை. பேச்சுத் தமிழில் உதை பெரும்பாலும் மனிதருக்கு விழுவது. ஆண்டான் அடிமையை உதைப்பான், காவலன் கைதியை உதைப்பான். காலை இழிந்த உறுப்பாகவும், காற்பட்டதைத் தீட்டாகவும், கால்படுதலை மன்னிப்புக் கேட்கவேண்டிய குற்றமாகவும் கருதிய சமூகத்தில் உதை என்ற சொல்மீது அதிகாரத்தின் நிழல் விழுந்திருப்பது இயல்பே. மக்கள் அச்சொல்லைப் பந்துக்கு வழங்காது விட்டமை அறியாமையன்று, ஒரு நுண்ணுணர்வு. ஆங்கிலச் சொல்லை முன்வைத்து அறைக்குள் இருந்து மொழிபெயர்த்தவருக்கு அது புலப்படவில்லை. தண்டனை உதை, மூலை உதை என்று அவர் அடுக்கிக்கொண்டு சென்றார். பத்திரிகை அவற்றை அச்சிட்டது. களம் 'பெனால்டி', 'கோணர்' என்றே வழங்கியது. தூய தமிழ் வாதிக்கும் ஆங்கில மோகிக்கும் இடையே நிகழும் ஓயாத சண்டையில், இருவரும் களத்தைக் கேட்டதில்லை என்பதே பொதுத்தன்மை.

அடி என்ற சொல்லுக்கு வேறு வளமும் உண்டு. அது அடித்தலாகும், பாதமும் ஆகும், எடுத்துவைக்கும் எட்டும் ஆகும். மட்டக்களப்பு இதனை எல்லோரினும் நன்கறிந்த பிரதேசம். வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் ஆட்டமுறைகளுக்கு அண்ணாவிமார் வழங்கிவரும் பெயர்களை நோக்குக: பொடியடி, நாலடி, குத்துமிதி, எட்டு, வீசாணம். பாதத்தின் எப்பகுதி நிலத்திற்படுகிறது, எத்தனை எட்டில் உடல் திரும்புகிறது, எதிர்நிற்பவனை நோக்கி நகர்வதா வளைந்து விலகுவதா என்பவற்றையெல்லாம் பகுத்துப் பெயரிட்ட கலைச்சொற்றொகுதி இது. எந்தத் திணைக்களமும் இதனை ஆக்கவில்லை. எழுத்தறிவு குறைந்த உழவரும் மீனவரும் களரியில் ஆக்கியது. கால்தொழிலுக்குத் தமிழிற் சொல்லில்லை என்று வருந்துவோர் களரிப்பக்கம் போகாதவர்.

கற்பிக்கும் முறை அதனினும் முக்கியமானது. அண்ணாவியார் பட்டியல் தருவதில்லை. மத்தளமும் தாளக்கட்டும் ஒலிக்க, சொற்கட்டை வாயாற் சொல்லிக்கொண்டே காலை எடுத்துவைக்கச் செய்கிறார். சொல் காலோடு சேர்ந்தே உடலிற் பதிகிறது. பாட்டின் தாளம் உழைப்பின் அசைவிலிருந்து பிறந்தது என்பதை ஜோர்ஜ் தொம்சன் விளக்கினார். பேர்மிங்காமில் அவரிடம் ஆய்வு செய்த கைலாசபதி அந்நோக்கைத் தமிழாய்வுக்குக் கொண்டுவந்தார். பாசிக்குடாக் கடற்கரையிற் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல் அக்கொள்கைக்கு நேர்ச்சான்று. பாட்டு நின்றால் இழுவை குலையும். உழைப்புக்கு முந்தியது விளையாட்டே என்ற பூசரின் கருத்தை மறுத்துப் பிளெக்கனோவ் எழுதியவற்றை இங்கு நினைவுகூரலாம். விளையாட்டு உழைப்பின் பிள்ளை எனில், விளையாட்டின் சொல்லும் அப்பிள்ளையின் வாயிலிருந்தே வரவேண்டும்.

கூத்தைப் புகழ்ந்து பழமைக்குத் திரும்புமாறு நாம் அழைப்பதாக எவரும் கருதவேண்டியதில்லை. களரியிலும் சாதி இருந்தது. யார் ஆடுவது, யார் மத்தளம் வாசிப்பது என்ற வேறுபாடு இருந்தது. பெண் பாத்திரத்தையும் ஆணே ஆடினான். அறுபதுகளிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பேராதனைக்கு அழைத்துவந்து, விடியவிடிய ஆடிய கூத்தை அரங்கிற்கேற்பச் சுருக்கியபோது, மரபிலிருந்து கொள்ளவும் தள்ளவும் முடியும் என்பது நிறுவப்பட்டது. சொல்லாக்கத்தில் அத்தகைய முயற்சி நிகழவில்லை என்பதே எமது முறைப்பாடு.

கண்ணகி வழிபாட்டோடு ஒட்டிய கொம்புமுறி விளையாட்டையும் இத்தொடரிற் கருதவேண்டும். ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளைக் கொளுவி, வடம்கட்டி இருபுறமும் இழுப்பர். கொம்பு முறிந்தவரை வென்றவர் வசைபாடி எள்ளுவர். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் இப்பண்பாட்டை நமக்குப் பேணித்தந்த நூல்களுள் முதன்மையானது. சிங்கள மக்களிடையே இதுவே அங்கெலிய, பத்தினித் தெய்வத்தையொட்டியது, அங்கு பிரிவினர் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் எனப் பொருள்படும் உடுபில, யட்டிபில என்போர். அஷ்போர்ணின் மேற்பக்கத்தாரையும் கீழ்ப்பக்கத்தாரையும் வாசகர் இப்போது மறந்திருக்கமாட்டார். ஒன்று மற்றதிலிருந்து வந்ததன்று. நிலத்தோடு பிணைந்த உழவர் சமூகங்கள் தம்முள் இருக்கும் பிளவை ஆடித்தீர்க்கும் ஒத்த வடிவங்கள் இவை. இங்கிலாந்தில் அவ்வடிவம் அழிக்கப்பட்டு, விதிபெற்று, உலகுக்கு ஏற்றுமதியாயிற்று. எமது வடிவம் கோயில் வாசலில் நின்றது. இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு பண்பாட்டின் உயர்வு தாழ்வன்று. கைத்தொழிற் புரட்சியும் குடியேற்ற ஆட்சியும் செய்த வேறுபாடு. (பந்து எமக்குப் புதியதன்று என்பதையும் சொல்லிவைக்கலாம். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிற் கந்துகவரி உண்டு. ஆடுவோர் பெண்கள், கையாற் பந்தடிப்போர். பாசிக்குடாவில் நாம் கண்ட ஆட்டத்திற் சிறுமியர் எவரும் இருக்கவில்லை. தம்பிமாரின் செருப்புகளைக் காத்துக்கொண்டு ஓரத்தில் அமர்ந்திருந்தனர்.)

ஆங்கிலம் தவிர்ந்த மொழியினர் இச்சொற்களை எவ்வாறு கையாண்டனர்? தலைக்குமேலாகப் பின்புறம் நோக்கிப் பந்தை அடிக்கும் அந்தரத்து உதையை ஆங்கிலத்தில் 'பைசிக்கிள் கிக்' என்பர். சிலி நாட்டார் அதனைச் 'சிலேனா' என்று தம் நாட்டின் பெயராலும், பெரு நாட்டார் 'சலாக்கா' என்று கல்லாவோ துறைமுகத்து மக்களின் பெயராலும் வழங்குகின்றனர். கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இருதரப்பும் கரையோர நகரங்களையே சாட்சிக்கு அழைக்கின்றன. காலைக் காலுக்குப் பின்னாற் குறுக்கே கொண்டுவந்து அடிப்பதை ஆர்ஜென்டீனர் 'ரபோனா' என்பர். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போடுதல் என்று பொருள். 1948இல் இன்பாந்தே என்ற ஆட்டக்காரர் அவ்வாறு கோலடித்தபோது, குழந்தை எனப் பொருள்படும் அவரது பெயரோடு அச்சொல்லை இணைத்துச் சஞ்சிகையொன்று சிலேடை செய்தது, சொல் நிலைத்துவிட்டது. பிரேசிலின் டிடி ஐம்பதுகளில் அடித்த பந்து திடீரெனத் தாழ்ந்து விழுந்ததைக் கண்டு மக்கள் 'சருகிலை' என்றனர். 1976இல் செக்கோசிலோவாக்கியாவின் பனென்கா பெல்கிரேட் நகரில் மேற்கு ஜேர்மனிக்கு எதிராகத் தண்டனை உதையைக் காப்பாளரின் நடுவே மெல்லத் தூக்கிவிட்டார்; இன்று அவர் பெயரே அவ்வுதைக்குப் பெயர். ஆங்கிலேயரும் இச்சொற்களை வாங்கி வழங்குகின்றனர். மொழிபெயர்ப்பாளர் குழு எதுவும் இவற்றை ஆக்கவில்லை. ஆடியவரும் பார்த்தவரும் தத்தம் வாழ்விலிருந்து எடுத்தனர்: துறைமுகம், மரத்திலிருந்து விழும் இலை, பள்ளிக்குப் போகாத பிள்ளை. கிராம்சி 1918இலேயே உதைபந்தாட்டத்தைத் தனிமனிதப் போட்டிச் சமூகத்தின் மாதிரியாகக் கண்டு எழுதினார். அவர் கண்டது விதியின் பக்கம். பெயரிடுவதில் மக்கள் காட்டிய கூட்டுப் படைப்பாற்றல் அம்மாதிரிக்குள் அடங்காதது.

எமது மக்களும் இதற்கு இளைத்தவரல்லர். பந்தைச் சுழலவிட்டு வளைத்தடிக்கும் உதையை மணலில் ஆடிய சிறுவன் ஒருவன் 'கிறுக்கி அடிக்கிறது' என்றான். கிறுகுதல் என்பது திரும்புதல் எனும் பொருளில் மட்டக்களப்புப் பேச்சுக்குரிய சொல். பந்தின் நடுவில் அன்றி ஓரத்தில் அடித்தால் அது சுழன்று, சுழற்சியால் இருபுறக் காற்றழுத்தமும் வேறுபட்டு, பாதை வளையும். 1852இல் மக்னஸ் என்ற ஜேர்மன் அறிஞர் இவ்விளைவை ஆய்ந்தார். சிறுவனின் ஒரு சொல்லுக்குள் சுழற்சியும் திருப்பமும் ஒருங்கே அடங்கியிருந்தன. கொப்பியில் இதற்கு நேரே 'வாழைப்பழ உதை' என்றிருந்தது. ஆங்கிலேயன் வளைவைக் கண்டு வாழைப்பழம் என்றான். அது அவன் உருவகம். வாழைச்சேனை என்ற பெயருடைய ஊருக்கு அயலில் நின்று அவனது வாழைப்பழத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, அவ்விளைஞர் ஆங்கிலச் சொற்களைக் கற்கவேண்டியதில்லை என்போமா? அவ்வாறு சொல்லும் உரிமை எமக்கில்லை. ஆங்கிலம் கற்றுப் பதவியில் அமர்ந்துகொண்டு ஏழைப்பிள்ளைக்குத் தமிழ்ப்பற்றைப் போதிப்பது நேர்மையன்று. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்றழைத்ததன் நியாயத்தை எவரும் மறுக்கமுடியாது. வாள் பிறர் கையில் மட்டும் இருக்கும்வரை வெட்டுப்படுவது யார் என்பது தெரிந்ததே. ஆட்டவிதிகளைத் தீர்மானிப்பது 1886இல் அமைந்த சர்வதேசச் சபை. அதன் எட்டு வாக்குகளில் நான்கு இன்றும் பிரித்தானியத் தீவுகளின் நான்கு சங்கங்களுக்கு. எஞ்சிய நான்கே உலகம் முழுவதற்கும். விதியை மாற்ற ஆறு வாக்குகள் வேண்டும். விதிநூலின் மொழிபெயர்ப்புகளுக்கிடையே வேறுபாடு தோன்றினால் ஆங்கில மூலமே செல்லும். இந்நிலையில் ஆங்கிலத்தை அறியாதிருத்தல் எதிர்ப்பாகாது, தோல்வியாகும். ஆங்கிலமும் கற்று, தமிழுக்குச் சொல்லும் தேடிய விபுலானந்தரின் வழி இவ்வகையில் இன்றும் பொருந்தும்.

எமது குற்றச்சாட்டு கற்றலின் மீதன்று, கற்பிக்கும் முறையின் மீது. காலால் அறிந்த ஒருவனிடம் அவனறியாததுபோல் ஒரு சொல்லை நீட்டி, அதற்கு அகராதியின் முதற்பொருளை ஒட்டி, மனனஞ்செய் என்பது அவனது அறிவை அவனிடமிருந்தே அந்நியப்படுத்துவதாகும். அவன் விற்பது உழைப்பை மட்டுமன்று. தன் உடலறிவைத் தானே அறியாமையாக ஏற்றுக்கொள்கிறான். பாசிக்குடாவில் இது விளையாட்டோடு நிற்பதில்லை. 2009இன் பின் எழுந்த உல்லாச விடுதிகளில் வேலைதேடும் இளைஞருக்கு மீன், வலை, படகு, காற்று ஆகியவற்றுக்கும் இவ்வாறான பட்டியல்களே தரப்படுகின்றன. தலைமுறைகளாகக் கடலறிந்தவனின் மகன், கடலைப் பற்றி விருந்தினருக்குச் சொல்ல நாற்பது சொற்களை மனனஞ்செய்கிறான். அந்நாற்பதுக்கு அப்பால் அவனறிந்தவை கேட்பாரின்றி நிற்கின்றன.

செய்யக்கூடியது என்ன என்று கேட்பார்க்கு எமது விடை எளியது. வாழைச்சேனை, ஓட்டமாவடி முதல் கல்முனை வரையிலான வெளிகளில், தமிழரும் முஸ்லிம்களும் ஆடும் களங்களில், வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதவேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணவருக்கு இது தகுந்த ஆய்வுப்பொருள். இன்னுமொரு சங்கப்பாடற் சொல்லடைவினும் பயன்மிக்கது. அதன்பின் அண்ணாவியாரின் முறையில், காலும் சொல்லும் கூடி இயங்க, மக்களின் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் ஒருங்கே வைத்துக் கற்பிக்கலாம். புறங்காலடி, குதிக்காலடி, உட்காலடி என்ற தொடர்கள் பொடியடி, நாலடியின் உடன்பிறப்புகளாகவே ஒலிக்கின்றன. இவை எமது ஆக்கங்கள். களம் ஏற்காவிடின் கைவிடப்படவேண்டியவை.

கொப்பிக்குரிய இளைஞரிடம் 'வொலி'க்கும் 'அரை வொலி'க்கும் ஊரிலே என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். சற்று யோசித்து, 'விழமுந்தி அடிக்கிறது, விழுந்தெழும்பக்க அடிக்கிறது' என்றார். அதனை வெறுமையாக இருந்த இடத்தில் எழுதுமாறு சொன்னோம். பரீட்சையில் இதற்குப் புள்ளி தருவார்களா என்று அவர் கேட்டார். தரமாட்டார்கள் என்றோம். பென்சிலால் எழுதிக்கொண்டார்.